ஒரு பக்கம் தளர்வு, மறுபக்கம் இறுக்கம்: பழைய மினி காரில் பால் ஜாயிண்ட் மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 1959-இல் சாலைக்கு வந்தது. சின்னச் சின்ன மாற்றங்களோடு 2000 வரை உற்பத்தியில் இருந்தது. இங்கே பேசப்படும் வண்டி 1970களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. 10 அங்குலச் சக்கரம், முன்னாலும் டிரம் பிரேக், சுருள்வில்லுக்குப் பதில் ரப்பர் கோன். உரிமையாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வார இறுதியில் மட்டும்தான் ஓட்டுவார், ஆனால் வண்டியில் எந்தச் சத்தம் புதிது, எது பழையது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

அவர் சொன்ன குறைகள் இரண்டு. மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளத்தில் வலது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம், வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை, கையால் இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. முதல் குறை நாளாக ஆக மெல்ல வளர்ந்தது. இரண்டாவது, முந்தைய ஆண்டு இடது பக்க மேல் பால் ஜாயிண்டை (சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் உதவும் பந்து மூட்டு) வேறொரு பட்டறையில் மாற்றியதிலிருந்து இருக்கிறது. இரண்டுக்கும் ஸ்டீயரிங் ரேக்தான் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) காரணம், அதை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இடது பக்கம் 'புதுசு' என்பதால் அதைப் பார்க்கத் தேவையில்லை என்பது அவர் நம்பிக்கை.

## இந்த மூட்டு வேலை செய்யும் விதம்

பின்னால் வரும் முடிவுகள் புரிய இது கொஞ்சம் தேவை. மினியின் முன்சக்கர ஹப்பை, அதாவது சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பால் ஜாயிண்டுகள் பிடித்திருக்கின்றன. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் உட்கார்ந்திருப்பதைப் போல, பால் பின்னின் உருண்டைத் தலை ஹப்பிலுள்ள குழிக்குள் ஒரு சீட்டின் மேல் உட்காரும். அதன் மேல் ஒரு குமிழ் நட்டு திருகி மூடும். பின்னின் கூம்பு முனை வெளியே நீண்டு சஸ்பென்ஷன் கையின் துளையில் இறங்கும். மேல் மூட்டில் முனை மேல்நோக்கியும், கீழ் மூட்டில் கீழ்நோக்கியும் இருக்கும்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் பால் ஜாயிண்ட் தொழிற்சாலையிலேயே மூடி வருகிறது. தேய்ந்தால் முழுதாகக் கழற்றி எறிய வேண்டியதுதான். மினியில் அப்படியில்லை. குமிழ் நட்டுக்கு அடியில் எத்தனை ஷிம் (மெல்லிய உலோக வளையம்) வைக்கிறோம் என்பதுதான் உள்ளே பந்து எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பதை முடிவு செய்கிறது. ஷிம்மை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். ஷிம்கள் 2, 3, 5, 10 தௌ போன்ற கனங்களில் வருகின்றன. ஒரு தௌ என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர். ஆக இது பாகம் மாற்றும் வேலை என்பதைவிட அளவெடுக்கும் வேலை.

மேல் மூட்டுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ரப்பர் கோன் அழுத்துவது மேல் கையை. அதனால் வண்டியின் முன்பக்க எடை மேல் பால் பின் வழியாகத்தான் ஹப்புக்கு இறங்குகிறது. தரையில் நிற்கும்போது பந்து சீட்டோடு அழுந்தியிருக்கும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும் கணத்தில் ஹப் அந்தப் பந்தைப் பிடித்துத் தொங்கும், அப்போது பந்து குமிழ் நட்டின் உட்புறத்தில் போய் முட்டும். சீட் தேய்ந்திருந்தால் இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் 'டொக்' சத்தமாகக் கேட்கிறது.

## சோதனையில் கண்டவை

பாகம் எதையும் வாங்குவதற்கு முன்னால் சோதனை என்று முடிவு செய்தோம். சப்ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கினோம்.

வலது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது தெளிவாக பிளே தெரிந்தது. வீல் பேரிங் போனாலும் இதே ஆட்டம்தான் வரும். எனவே ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, மீண்டும் ஆட்டிப் பார்த்தோம். பிரேக் மிதித்தால் டிரம்மும் ஹப்பும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். இங்கே மறையவில்லை. டயருக்கு அடியில் கடப்பாரையை நுழைத்து லேசாகத் தூக்கியபோது, மேல் பால் பின் குமிழ் நட்டுக்குள் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. ரப்பர் பூட் கிழிந்து, விளிம்பில் பழுப்பு நிறத்தில் துருக்குழம்பு. கீழ் மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டியதில் ஸ்டீயரிங் பக்கத்து மூட்டுகளில் குறை இல்லை.

இடது சக்கரத்தில் எந்த ஆட்டமும் இல்லை. வழக்கமான சோதனை இதோடு முடிந்துவிடும், 'இடது பக்கம் நல்லா இருக்கு' என்று எழுதிவிடலாம். ஆனால் உரிமையாளரின் இரண்டாவது புகாருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அதனால் இரண்டு பக்கமும் ரேக்கின் முனை மூட்டுகளைக் கழற்றி, ஹப்பை ரேக்கிலிருந்து பிரித்தோம். இப்போது ரேக் தனி, இடது ஹப் தனி, வலது ஹப் தனி. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ரேக் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எங்கும் தட்டாமல் ஓடியது. வலது ஹப்பை ஒரு விரலால் திருப்ப முடிந்தது. இடது ஹப்புக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது, அதுவும் நடுநிலையைத் தாண்டும் இடத்தில் ஒரு சின்னத் தடங்கலோடு.

ரேக் குற்றமற்றது. மினியின் முன்சக்கரங்களில் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, சுமார் 3 டிகிரி. ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவதில் அந்தச் சாய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இடது மூட்டில் இருந்த உராய்வு அந்த இழுப்பை விழுங்கிக்கொண்டிருந்தது. உரிமையாளருக்கு இதைச் சொன்னபோது உடனே ஏற்கவில்லை. ஹப்பை அவரையே திருப்பிப் பார்க்கச் சொன்னோம், அப்புறம் பேச்சில்லை.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் கேள்வி, வலது பக்கம் பாகம் மாற்ற வேண்டுமா, ஷிம்மை மட்டும் குறைத்தால் போதுமா என்பது. இளைய மெக்கானிக், "அண்ணே, ரெண்டு ஷிம் எடுத்தா ஆட்டம் போயிடுமே" என்றார். போகும், உண்மைதான். அந்த வசதிக்காகத்தான் ஷிம் இருக்கிறது. ஆனால் அது பந்து இன்னும் உருண்டையாக இருக்கும்வரை மட்டும். வண்டி பெரும்பாலான நேரம் நேராகத்தான் ஓடுகிறது. எனவே தேய்மானம் ஒரே இடத்தில் விழுகிறது, பந்து அங்கே தட்டையாகிறது. நேர்நிலையில் சரியாக இருக்கும்படி ஷிம் வைத்தால், முழுதாகத் திருப்பும்போது தேயாத பகுதி குழிக்குள் வந்து பிடித்துக்கொள்ளும். முடிவைத் தள்ளிவைத்து முதலில் பிரித்தோம். மைக்ரோமீட்டரால் பந்தை இரண்டு திசையில் அளந்தபோது 6 தௌ வித்தியாசம் இருந்தது. மேற்பரப்பில் துருக்குழிகள் வேறு. ஷிம் யோசனை அத்தோடு முடிந்தது. வலது மேல், வலது கீழ், இடது மேல் மூன்றுக்கும் புதிய செட் என்று தீர்மானித்தோம். இடது கீழ் மூட்டில் பந்து உருண்டையாகவே இருந்ததால் சுத்தம் செய்து, அளந்து, அதே பாகத்தை வைத்தோம்.

இரண்டாவது கேள்வி, ஹப்பை வண்டியில் வைத்தபடியே வேலை செய்வதா, கழற்றி மேசைக்குக் கொண்டுவருவதா. வண்டியிலேயே செய்யலாம், பலர் செய்கிறார்கள், நேரமும் மிச்சம். கழற்ற வேண்டுமென்றால் டிரைவ் ஷாஃப்டின் பெரிய நட்டைத் திறக்க வேண்டும், பிரேக் ஹோஸைக் கழற்ற வேண்டும், கடைசியில் பிரேக்கில் காற்றெடுக்கவும் வேண்டும். ஆனாலும் கழற்றினோம். இந்த வேலையின் உயிர் ஃபீலர் கேஜ் (இடைவெளிக்குள் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்) அளவில் இருக்கிறது. சக்கர வளைவுக்குள் தலையை நுழைத்து, டிரைவ் ஷாஃப்டைச் சுற்றிக் கையை வளைத்துக்கொண்டு 2 தௌ வித்தியாசத்தை உணர்வது கடினம்.

## வேலை நடந்த விதம்

வண்டி தரையில் நிற்கும்போதே மேல் கைக்கு அடியிலுள்ள ரீபவுண்ட் ரப்பரைக் கழற்றி, அந்த இடத்தில் கடினமான ஒரு மரக்கட்டையை வைத்தோம். பிறகுதான் தூக்கினோம். இதனால் சக்கரம் தொங்கினாலும் மேல் கை கீழே இறங்காது, கோனின் அழுத்தத்தைக் கட்டை தாங்கிக்கொள்ளும், மூட்டில் சுமை இருக்காது. இந்தக் கட்டை இல்லாமல் மேல் பால் பின்னைப் பிரிப்பவர்கள் அந்த மேல் கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கூம்பு முனையைப் பிரிக்க ஸ்குரூ வகைப் பிரிப்பான் பயன்படுத்தினோம். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில இழை மட்டும் விட்டுவைத்தோம், ஏனெனில் பிரியும் கணத்தில் ஹப் துள்ளும். முள்கரண்டி வடிவப் பிரிப்பான் எங்களிடம் இருந்தாலும் எடுக்கவில்லை. அது பூட்டைக் கிழிக்கும், இடது கீழ் மூட்டின் பூட் நல்ல நிலையில் இருந்தது.

குமிழ் நட்டுக்கு 38 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். அதன் அறுகோண விளிம்பு உயரம் குறைந்தது, கடையில் வாங்கும் சாக்கெட்டின் வாய்ப்பக்கத்திலோ சரிவு இருக்கும். அந்தச் சரிவால் பிடிப்பு போதாமல் மூலைகள் உருண்டுவிடும். சாக்கெட்டின் முகத்தை அரைத்துத் தட்டையாக்கிய பிறகே போட்டோம். இதற்கென்றே ஒரு பழைய சாக்கெட்டை அரைத்து வைத்துக்கொள்வது நல்லது.

இடது மேல் மூட்டைத் திறந்ததும் கதை வெளியே வந்தது. உள்ளே கிரீஸ் ஏறக்குறைய இல்லை. பந்தின் மேல் ஒரு வளையமாகப் பளபளப்பு, அதில் கீறல்கள். அடியில் 14 தௌ அளவுக்கு ஷிம், அவற்றில் பழைய எண்ணெய்க் கறை. புதிய பந்தும் சீட்டும் போட்டவர் பழைய மூட்டிலிருந்த ஷிம்களையே திருப்பி வைத்திருக்கிறார் என்று தோன்றியது. பழைய மூட்டில் தேய்மானத்துக்கு ஏற்ப யாரோ ஒரு காலத்தில் ஷிம்மைக் குறைத்திருப்பார்கள். தேயாத புதிய பாகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, இறுகிப்போகும்.

அளவெடுத்த முறை இது. குழிக்குள் சீட், பந்து இரண்டையும் வைத்து, ஷிம்மும் லாக் வாஷரும் (நட்டு கழலாமல் பூட்டும் வளையம்) இல்லாமல் குமிழ் நட்டைக் கையாலும் பிறகு ஸ்பேனரால் லேசாகவும் திருகினோம். கீழ் மூட்டில் சீட்டுக்கு அடியில் வரும் சின்னச் சுருள்வில்லை அளவெடுக்கும்போது வைக்கவில்லை. பந்தில் ஆட்டம் மறைந்து, ஆனால் இறுக்கம் தொடங்காத இடத்தில் நிறுத்த வேண்டும். அப்போது நட்டின் விளிம்புக்கும் ஹப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். அதிலிருந்து லாக் வாஷரின் கனத்தைக் கழித்தால் மீதி ஷிம் கணக்கு. வாஷரின் கனம் பொதுவாக 36 தௌ. செட்டில் வந்ததையும் அளந்து உறுதி செய்துகொண்டோம், மாற்று உற்பத்தியாளர்களின் பாகத்தில் அதை நம்பிவிடக் கூடாது.

இடது மேல் மூட்டில் முதலில் ஒரு சிக்கல். பின்னைச் சுழற்றும் இடத்துக்கு ஏற்ப அளவு மாறியது. புதிய சீட்டில் கடைசல் கோடுகள் தெரிந்தன. பந்தைச் சீட்டோடு மெல்லிய வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்க்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. புதிய பாகம் கொஞ்சம் ஓடினால் தானாகப் படிந்துவிடும், பேஸ்ட் துகள் உள்ளே தங்கினால் கேடு என்பது ஒரு வாதம். நான் தேய்க்கும் பக்கம். ஓடிப் படியும்போது வரும் தளர்வு எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது, மேசையில் தேய்த்தால் அது இப்போதே முடிந்துவிடும். சாம்பல் நிறத்தில் சீரான ஒரு பட்டை தெரியும்வரை தேய்த்து, மண்ணெண்ணெயில் பலமுறை கழுவி, காற்றடித்துத் துடைத்தோம். அதன் பிறகு எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே எண்: 58 தௌ. 36 போக 22. ஆக 10, 10, 2 என்று மூன்று ஷிம். முன்பு இருந்த 14-ஐவிட 8 தௌ அதிகம், அந்த 8 தௌதான் ஸ்டீயரிங்கைப் பிடித்துவைத்திருந்தது. வலது மேல் மூட்டுக்கு 25 தௌ வந்தது. ஒரே செட், ஒரே உற்பத்தியாளர், இருந்தும் இரண்டு பக்கத்துக்கும் எண் வேறு. கீழ் மூட்டுகளில் சிக்கல் எதுவும் இல்லை.

குமிழ் நட்டின் டார்க் (இறுக்கும் திருப்புவிசை) கையேட்டுக்குக் கையேடு சற்று மாறுகிறது, 95 முதல் 102 நியூட்டன் மீட்டர் வரை. முழு டார்க் கொடுத்த பிறகு பின்னைக் கையால் அசைத்துப் பார்த்தோம். அழுத்தமாக, ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே சீராக அசைய வேண்டும். வலது கீழ் மூட்டு சற்றே கனமாகத் தோன்றியது, கிரீஸ் நிரப்பியதும் இளகியது. லாக் வாஷரின் விளிம்பை நட்டின் பட்டைகளோடு மடக்கினோம். சஸ்பென்ஷன் கைகளின் கூம்புத் துளைகளை எண்ணெய் இல்லாமல் துடைத்து, பால் பின் நட்டுகளைச் சுமார் 52 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். கூம்பில் கிரீஸ் தடவுவது சிலர் வழக்கம், அது தவறு. இறுக்கும்போது பின் சுழலும், டார்க்கும் பொய்யாகும்.

## பின்னர் நடந்தது

ரேக் முனைகளை மாட்டுவதற்கு முன் இரண்டு ஹப்பையும் கையால் திருப்பிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரே எடை. அதன் பிறகு அலைன்மென்ட். முன்சக்கர ஓட்ட வண்டியான மினியில் முன்சக்கரங்கள் முன்னால் 1.6 மில்லிமீட்டர் வெளியே விரிந்திருக்க வேண்டும், ஓடும்போது இழுவிசையால் அவை உள்நோக்கி வரும். வந்தபோது இந்த அளவு நேர்மாறாக இருந்தது. ஸ்டீயரிங் சிக்கலுக்கு மருந்தாக யாரோ அதைத் திருகிப் பார்த்திருக்க வேண்டும்.

சாலையில் ஓட்டியபோது ஸ்டீயரிங் வளைவு முடிந்ததும் தானாகத் திரும்பியது. வலது பக்கத்து 'டொக்' போனது. ஆனால் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொரு மெல்லிய சத்தம் இப்போது தனியாகக் கேட்டது. மேல் கைக்கும் கோனின் தண்டுக்கும் நடுவில் உள்ள நக்கிள் மூட்டின் மேல்தான் சந்தேகம். அதைப் பிரிக்கக் கோனை அழுத்திப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து இல்லாததால், உரிமையாளரிடம் சொல்லி அடுத்த முறைக்கு ஒதுக்கினோம்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபரிசோதனைக்கு வந்தார். மேல் மூட்டுகள் இரண்டும் அசையவில்லை. தேய்க்காமல் மாட்டிய வலது கீழ் மூட்டில் மட்டும் மிகச் சின்ன ஆட்டம், ஒரு 2 தௌ ஷிம்மை எடுத்ததும் போனது. நக்கிள் மூட்டைத் திறந்ததில் பிளாஸ்டிக் கிண்ணம் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றியதும் மெல்லிய சத்தமும் நின்றது.

## இனி மாற்றிச் செய்வது

ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பாதி நோய்தான் தெரியும். எனவே ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது, திரும்பவில்லை என்று வரும் எந்தப் பழைய வண்டியிலும், ரேக் முனைகளைக் கழற்றி ஒவ்வொரு ஹப்பையும் தனியாகத் திருப்பிப் பார்ப்பதை முதல் சோதனையாக வைத்திருக்கிறோம். ஸ்பிரிங் தராசை ஹப்பின் ஸ்டீயரிங் கையில் மாட்டி, எவ்வளவு இழுத்தால் நகர்கிறது என்று வேலைக்கு முன்னும் பின்னும் குறித்துக்கொள்கிறோம். கைக்குப் பிடித்த எடையைவிட அது நம்பத்தக்கது, உரிமையாளரிடம் காட்டவும் உதவுகிறது.

கீழ் மூட்டுகளையும் இனி பேஸ்ட் வைத்துத் தேய்த்துத்தான் மாட்டுவோம். மேல் மூட்டுக்கு எடுக்கும் பொறுமை அங்கே பாதியாகிவிடுகிறது, மறுபரிசோதனையில் தளர்ந்ததும் அதுவேதான். ஹப்பைக் கழற்றும் நாளிலேயே நக்கிள் மூட்டையும் திறந்து பார்ப்பது இன்னொரு மாற்றம். கோனை அழுத்தும் கருவியை மாட்டும் வேலை கூடுதல்தான், ஆனால் வண்டி ஏற்கெனவே பிரிந்து கிடக்கிறது.

ஒவ்வொரு மூட்டிலும் எத்தனை தௌ ஷிம் இருக்கிறது, எந்தக் கிலோமீட்டரில் வைத்தது என்று நான்கு வரி எழுதி உரிமையாளரின் சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டினோம். அடுத்து திறப்பவர் அந்த எண்ணை அப்படியே வைக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதியிருக்கிறது. பாகம் மாறினால் மீண்டும் அளக்க வேண்டும். பழைய எண் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிட மட்டும்தான்.